அல்பாரிஞோ திராட்சைக்கு மட்டும் ஏன் கல்தூண் நட்டுப் பந்தல்?

கேள்வி: ஸ்பெயினில் திராட்சைச் செடியைக் குட்டைப் புதராகத் தரையோடு வளர்ப்பார்கள் என்று படித்தேன். அல்பாரிஞோ தோட்டப் படங்களில் மட்டும் ஆள் உயரப் பந்தல் தெரிகிறதே, ஏன்?

மழைதான் காரணம். நீங்கள் படித்தது லா மஞ்சா மாதிரி காய்ந்த நடு ஸ்பெயினைப் பற்றியதாக இருக்கும். அல்பாரிஞோ விளைவது வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் மேலே இருக்கும் கலீசியாவில். அட்லாண்டிக் கடல் அங்கே நிலத்துக்குள் நீள நீளமாக நுழைந்து கிடக்கும், அந்தக் கழிமுகங்களைத்தான் ரியாஸ் என்கிறார்கள், ரியாஸ் பைஷாஸ் என்ற ஒயின் வட்டாரத்தின் பெயரும் அதில் வந்ததுதான். வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. படிக்கப் போன காலத்தில் ஒரு செப்டம்பர் மாதம் அந்த வட்டாரத்துச் சால்னேஸ் பள்ளத்தாக்கில் பழம் பறிக்கப் போனேன். மழையே இல்லாத நாளிலும் காலை பத்து மணி வரை இலையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், நாங்கள் பந்தலுக்கு அடியில் நிற்பதால் எல்லாம் நேராகக் கழுத்துக்குள் இறங்கும்.

இந்த ஈரத்தில் கொடியைத் தரையோடு விட்டால் அடிச்சாம்பல் நோய், பழ அழுகல் எல்லாம் வரிசையாக வரும். பந்தலில் ஏற்றிவிட்டால் குலைகள் கீழே தொங்கும், அடியில் கடற்காற்று ஓடும், சீக்கிரம் உலர்ந்துவிடும். அல்பாரிஞோ பழம் சின்னது, தோல் தடிப்பு, அதுவும் கொஞ்சம் காப்பாற்றுகிறது. அப்படியும் மருந்தடிக்காமல் தப்ப முடியாது. தூண் ஏன் கல்லில் என்றால், மரம் அந்த ஈரத்தில் மக்கிவிடும், கருங்கல்லோ அங்கே எங்கே தோண்டினாலும் கிடைக்கும். மண்ணே கருங்கல் பொடிந்த மணல்தான், அதனால்தான் இவ்வளவு மழையிலும் வேரில் தண்ணீர் தேங்குவதில்லை.

அப்புறம் நிலம். பாகம் பிரித்துப் பிரித்து எல்லாம் துண்டு துண்டாகிவிட்டது, ரியாஸ் பைஷாஸ் தோட்டங்கள் மொத்தம் 4,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல், அதில் 20,000க்கும் அதிகமான துண்டுகள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கையளவு இடத்தில் மேலே திராட்சை, கீழே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று இரண்டு வெள்ளாமை எடுக்கப் பந்தல்தான் வசதி. இன்றைக்கு ஒயினுக்கு நல்ல விலை வருவதால் கீழே காய்கறி போடுகிறவர்கள் குறைவு. புதிய தோட்டங்களில் வேலி மாதிரி நிமிர்த்திக் கம்பியில் கட்டுவதும் உண்டு.

பந்தலில் ஒரு வம்பும் இருக்கிறது. விட்டால் கொடி கண்டபடி காய்த்துத் தள்ளும், பழத்தில் சாரம் இருக்காது. அதனால் கவாத்தில் கறாராக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 12,000 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதியே உண்டு. பறிப்பு கையால்தான். கையைத் தூக்கியபடி நாள் முழுக்க நின்று பாருங்கள், கவிதை எல்லாம் வராது, தோள்பட்டை வலிதான் வரும்.

ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலிருந்து துறவிகள் கொண்டுவந்த ரீஸ்லிங் என்ற திராட்சை ரகம்தான் அல்பாரிஞோ என்று மதியச் சாப்பாட்டில் எனக்கும் கதை சொன்னார்கள். நல்ல கதை, ஆனால் மரபணு ஆய்வு அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே மரபணு ஆய்வு ஆஸ்திரேலியாவில் பலருடைய வயிற்றில் புளியைக் கரைத்தது. ஸ்பெயினிலிருந்து வந்த கன்று என்று நம்பி அல்பாரிஞோ பெயரில் நட்டு, பாட்டிலில் அடைத்து விற்ற பிறகு, அது பிரான்சின் சவாஞ்ஞான் ரகம் என்று 2009இல் உறுதியானது. பாவம், லேபிளை எல்லாம் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

வாங்கப் போனால் ஒன்று கவனியுங்கள்: மிஞோ ஆற்றைத் தாண்டினால் போர்ச்சுகலில் இதே பழத்துக்குப் பெயர் அல்வரிஞோ. எழுத்து மாறுகிறதே என்று வேறு ரகமாக நினைத்து இரண்டையும் வாங்கிவந்தவன் நான்.