பிள்ளைங்க ஓடறது போதுமாங்க? – கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் "கேளுங்க, பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வருவதற்குள் முப்பது கேள்வியைத் தாண்டிவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு: 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு அசைகிறார்கள், அது அவர்கள் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பாடம் எடுப்பது கோவையில் ஒரு கல்லூரியில். அளவெடுக்கும் வேலை பெரும்பாலும் கோபி, பல்லடம், தாராபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில். நான் மருத்துவர் இல்லைங்க, மாத்திரை மட்டும் கேட்காதீங்க.

கோபியிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 13 வயசுங்க மேடம். காலைல 7 மணிக்கு ஸ்கூல் பஸ் ஏறுனா பொழுதோட 5:45க்குத்தான் வீடு. 6:30க்கு டியூசன். தினமும் ஒரு மணி நேரம் விளையாடணும்னா எங்கிருந்துங்க எடுக்கறது?

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2010ல் 5 முதல் 17 வயதுக்கு "தினமும் குறைந்தது 60 நிமிடம்" என்று சொல்லியிருந்தது. 2020ல் அதைத் திருத்தி, "வாரம் முழுக்கச் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்" என்றாக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை 25 நிமிஷம்தான் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை அப்புச்சி தோட்டத்தில் இரண்டு மணி நேரம் ஓடினான் என்றால் அதுவும் கணக்கில் வரும். பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்ந்தாலும் சரி. எவ்வளவு வேகம் என்று கேட்டால், அந்த நேரத்தில் அவனால் பேச முடியணும், பாட முடியக் கூடாது.

உங்கள் வீட்டுக் கணக்கில் எனக்குத் தெரிகிற இடுக்கு 5:45க்கும் 6:30க்கும் நடுவில் இருக்கும் முக்கால் மணி. அதில் பாதியை டியூசனுக்குச் சைக்கிளில் போக வைத்துப் பாருங்கள். கொண்டுபோய் விடுகிற வேலை உங்களுக்கும் மிச்சம்.

பெருந்துறை பக்கமிருந்து ஒரு பெரியவர்: ஏனுங்க அம்மிணி, நாங்கெல்லாம் கெணத்துல குதிச்சு, மாடு மேய்ச்சு, ஆறு மைல் நடந்து படிச்சவங்க. இப்பத்த பசங்க நெம்ப சோம்பேறி. இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுங்களா?

ஐயா, இந்த ஒரு வார்த்தையில்தான் உங்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 146 நாடுகளில் பள்ளிக்கூடம் போகும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் 2016 வரையிலான கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 81 பேர் தேவையான அளவு அசையவில்லை. பெண் பிள்ளைகளில் 85, பையன்களில் 78. உலகம் முழுக்க நூற்றுக்கு 81 பிள்ளைகள் சோம்பேறிகளாகவே பிறந்துவிட்டார்களா?

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாடி பஸ்ஸில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் இதய நோய் எப்படி வருகிறது என்று ஒப்பிட்டார். ஒரே கம்பெனி, ஒரே பஸ்தான். படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர் சோம்பேறி இல்லைங்க ஐயா, அவர் வேலை அவரைச் சீட்டில் உட்கார வைத்தது. நம் பிள்ளைகளுக்கும் நாம் அப்படி ஒரு சீட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டோம். நீங்கள் குதித்த கிணற்றில் இன்றைக்குத் தண்ணி இருக்கிறதா சொல்லுங்கள். பக்கத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்ட பிறகு எங்கிருந்து இருக்கும்? நீங்கள் நடந்த இட்டேரி இப்போது லாரி போகிற தார் ரோடு. அதில் பேரனை நடக்க விடுவீங்களா?

பல்லடம் பக்கம் அரசுப் பள்ளி பி.டி. ஆசிரியர்: பத்தாம் வகுப்புக்கு ஜனவரி வந்தா என் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கறார். ஹெட்மாஸ்டர்கிட்ட என்னனு பேசறதுங்க?

விளையாட்டுப் பீரியடைக் குறைத்ததால் மார்க் ஏறியது என்று ஆய்வுகள் காட்டவில்லை என்பதைச் சொல்லுங்கள் சார். கூட்டியதால் மார்க் இறங்கவும் இல்லை.

ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நான் போய் உட்கார்ந்து பார்த்த பீரியடுகளில் பாதிக்கு மேல் 45 பிள்ளைகள், ஒரு வாலிபால். ஆடுவது 12 பேர், மீதிப் பேர் வேப்பமரத்தடியில். அந்த 12 பேரிலும் பந்து தொடுவது நாலு பேர். நான்கு நான்கு பேராகப் பிரித்து நொண்டியும் எறிபந்தும் விட்டால் அதே 40 நிமிஷத்தில் எல்லோருக்கும் வேர்க்கும். பீரியடைக் கேட்டு வாங்குகிறவர் அதை இப்படி நிரப்பிக் காட்டினால் ஹெட்மாஸ்டருக்கும் பிடுங்க மனசு வராது.

அவிநாசியிலிருந்து பிளஸ் ஒன் மாணவி: மேடம், நான் வள்ளிக்கும்மி கத்துக்கறேன். ராத்திரி 7லிருந்து 9 வரைக்கும் பயிற்சி. இது உடற்பயிற்சில சேருமா? அந்த நாட்கள்ல ஆடலாமா? ஆத்தா வேண்டாங்கறாங்க.

சேரும் கண்ணு, நன்றாகவே சேரும். எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. அசைவை அளக்கும் கருவியை மாட்டி அளவெடுத்தபோது ஒரு பிள்ளையின் படம் (எவ்வளவு அசைந்தாள் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் வரும் கோடு) வார நாளெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. வெள்ளி, சனி ராத்திரி மட்டும் மலை மாதிரி இரண்டு மணி நேரம். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்தேன். பிறகு அந்தப் பிள்ளையைக் கேட்டால், "கும்மி மேடம்" என்றாள். என் படிவத்தில் 'என்ன விளையாட்டு' என்ற இடத்தில் "இல்லை" என்றுதான் எழுதியிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டாகவே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் படிவம் போட்ட எனக்கும் தோன்றியிருக்கவில்லை. அதற்கப்புறம்தான் கும்மி, ஒயிலாட்டம், கம்பத்தாட்டம் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தேன். வள்ளி ஒயில் கும்மி கற்றுக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், கலைப் பிரிவில். விளையாட்டுப் பிரிவில் கொடுத்திருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன்.

குதித்துக் குதித்து ஆடுவதில் இன்னொரு லாபம் எலும்புக்கு. பெரியவர்களின் எலும்பில் இருக்கும் தாதுச்சத்தில் சுமார் கால் பங்கு, எலும்பு மிக வேகமாகத் திரளும் இரண்டு வருஷத்தில் சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12, 13 வயதை ஒட்டி வரும். உன் தங்கச்சி இருந்தால் அவளையும் கூட்டிப் போ. நம் ஊரில் வயசுக்கு வந்தவுடன் "போதும் ஓடுனது" என்று உட்கார வைப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

மாதவிடாய் நாட்களில் ஆடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. சிலருக்கு வலிகூடக் குறைகிறது. முடியவில்லை என்றால் உட்கார்ந்துகொள், அது உன் முடிவு. ஆனால் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நாடு முழுக்க 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு தரம் தரும் நீல மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடாதே. போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

திருப்பூர், பனியன் கம்பெனி வைத்திருக்கும் அப்பா: பையன் ஒல்லிங்க. கொழுப்பே இல்லாதவனுக்கு எதுக்குங்க ஓட்டம்?

ஒல்லியாகத் தெரிகிறான், உள்ளே அப்படி இருக்கணும் என்று இல்லைங்க. புனேயின் யாஜ்னிக் என்ற மருத்துவரும் லண்டனின் யுட்கின் என்பவரும் 2004ல் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து, கொழுப்பு உள்ளே ஒளிந்திருப்பது சகஜம்.

ஓடும்போது தசை என்ன செய்கிறது பாருங்கள். சாதாரண நேரத்தில் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தசைக்குள் இழுக்க இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் அதுவே கதவைத் திறந்துகொள்கிறது. ஓட்டத்தை நிறுத்திய பிறகும் சில மணி நேரம் அந்தக் கதவு முழுக்க மூடுவதில்லை. குடும்பத்தில் சர்க்கரை இருந்தால், பையன் ஒல்லி என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி, 15 வயது: ஜிம்முக்குப் போனா உயரம் நின்னுடுமா? பவுடர் வாங்கலாமா?

நிற்காது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பயமில்லை. தசைக்கும் எலும்புக்கும் வலுக்கொடுக்கும் பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. தண்டாலும் பஸ்கியும் ஒழுங்காக வந்த பிறகு இரும்பைத் தொடு. பவுடர் வேண்டாம் தம்பி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். பக்கத்திலேயே நாமக்கல். அம்மா கடைகிற கொள்ளுப் பருப்பை ஒதுக்காமல் சாப்பிடு.

கோவை, ஆராய்ச்சி மாணவர்: பிள்ளைங்க அசைவை அளக்கக் கேள்விப் படிவம் நல்லதா, கருவி நல்லதா மேடம்?

இரண்டும் பொய் சொல்லும், பொய்யின் வகைதான் வேறு. பலரும் எடுத்தாளும் ஒரு படிவம் கனடாவில் உருவானது. பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும் இருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுவது இருக்காது. அப்படியே அச்செடுத்துத் தாராபுரத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

கருவி தீப்பெட்டி அளவு, இடுப்பில் கட்டுவோம். நாளுக்குக் குறைந்தது 10 மணி நேரம், ஒரு விடுமுறை நாளோடு சேர்த்து நாலு நாளாவது கட்டியிருந்தால்தான் எடுத்துக்கொள்வது வழக்கம். சைக்கிள் மிதித்தால் இடுப்பு அவ்வளவாக ஆடாது, அதனால் இலவச சைக்கிளில் தினமும் எட்டுக் கிலோமீட்டர் மிதிக்கிற பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்த மாதிரி வரும். நீச்சலுக்குக் கழற்றி வைத்தால் வாய்க்காலில் ஆடிய இரண்டு மணி நேரமும் காணாமல் போகும். என் வாழ்நாளில் பார்த்த மிக அழகான கோடு ஒன்று, மதியம் ஒன்றரை மணி நேரம் ஒரே சீரான அலை, எந்தப் பிள்ளையும் அப்படி ஆட முடியாது. பையன் கருவியைத் தங்கச்சிப் பாப்பாவின் தூரியில் (தொட்டிலில்) கட்டியிருந்தான். "அதுவும் ஆடுதில்லீங் மேடம்?" என்றான்.

உங்களுக்குக் காசு குறைவென்றால் 20 மீட்டர் ஓட்டச் சோதனை போதும். 20 மீட்டர் தள்ளித் தள்ளிக் கோடு இரண்டு, ஒலிக்கு ஒரு போன்; ஒலிக்குத் தகுந்த மாதிரி கோட்டுக்குக் கோடு ஓடணும். மணிக்கு 8.5 கிலோமீட்டரில் ஆரம்பித்து ஒவ்வொரு நிமிஷமும் அரைக் கிலோமீட்டர் கூடும். அது காட்டுவது இதயத்தின் தெம்பை, ஒரு நாளின் அசைவை அல்ல. இரண்டையும் குழப்பி ஆய்வேடு எழுதாதீர்கள், நான் வாய்மொழித் தேர்வுக்கு வந்தால் முதல் கேள்வி அதுதான்.

சேலத்திலிருந்து ஒரு அப்பா: மகனுக்கு 12. வாரம் ஆறு நாள் கிரிக்கெட் கோச்சிங். முழங்காலுக்குக் கீழே ஒரு முண்டு, தொட்டா வலிங்கறான்.

வேகமாக வளரும் வயதில், தொடைத் தசை இழுத்து இழுத்து அந்த எலும்பு முனை புண்படுவது ஓடி ஆடும் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆறு நாளை நாலாக்குங்கள், மீதி நாளில் வேறு ஏதாவது ஆடட்டும். இந்த வயதில் ஒரே ஆட்டத்தில் கட்டிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

பொள்ளாச்சி அம்மா: போன் பார்த்துக் கண்ணாடி வந்துடுச்சு. சின்னவளுக்கும் வருமா?

வெளியே விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு. அப்படி விடாத பள்ளிகளில் 39.5. ஓட வேண்டும் என்றுகூட இல்லை, பகல் வெளிச்சத்தில் இருந்தால் போதும். தென்னந்தோப்பு நிழலும் பகல் வெளிச்சம்தாங்க.

கரூர்: பத்தாயிரம் அடி நடக்கணுமா?

அந்த எண் 1965ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்கு அடியை எண்ணாதீர்கள், நிமிஷத்தை எண்ணுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டுக்குள், இல்லாவிட்டால் ஐந்துக்கு மேல்.

மறுபடியும் கோபி அம்மா: சரிங்க மேடம், சைக்கிள்ல அனுப்பறேன். மழை நாளுக்கு ஸ்கிப்பிங் கயிறு எந்தக் கம்பெனி வாங்கட்டும்?

கம்பெனி எதுக்குங்க? கட்டுத்தறியில் பழைய மாட்டுக் கயிறு கிடக்கும், அளவாக வெட்டி இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். கழுவிட்டுக் கொடுங்க.