இலையின் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்

கேள்வி: என் வெள்ளரிக் கொடியில் அடி இலைகளில் மஞ்சள் திட்டுகள் விழுந்து காய்கின்றன. சத்துக்குறை என்றார்கள், உரம் வைத்தேன். சாம்பல் நோய் என்றார்கள், கந்தகத்தூளைக் கரைத்துத் தெளித்தேன். இரண்டு வாரத்தில் பாதிக் கொடி கருகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் பூசணிக்கும் இது வருமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் இலையின் மேற்புறம்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது அடிப்புறம். ஆனாலும் மூன்றாவது படம் நிறையச் சொல்கிறது. திட்டுகள் வட்டமாக இல்லை. நரம்புகளுக்கு இடையே அடைபட்டு, கட்டம் கட்டமாகக் கோணலாக நிற்கின்றன. இது அடிச்சாம்பல் நோய் என்றே நினைக்கிறேன்.

நாளைக் காலை, பனி காய்வதற்குள், ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். திட்டுக்கு நேர் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூசணம் தெரிந்தால் அதேதான். வெயில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பூசணம் இல்லாமல், திட்டு நீர் கோத்ததுபோல் இருந்து, பிறகு காய்ந்து உதிர்ந்து ஓட்டையானால், அது பாக்டீரியா இலைப்புள்ளி.

சத்துக்குறை இப்படி வராது. தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். மக்னீசியம் குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்க, இடைவெளி மஞ்சளாகும். அதுவும் இலையின் இரு பாதிகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்தில்தான் முதலில் தெரியும். உங்கள் இலையில் ஒரு பாதி ஒருவிதமாகவும் மறு பாதி வேறுவிதமாகவும் இருக்கிறது.

கந்தகம் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. சாம்பல் நோய் பூஞ்சையால் வருவது. இலைமேல் மாவு தூவியதுபோல் படரும், விரலால் துடைத்தால் வரும். அடிச்சாம்பலை உண்டாக்கும் உயிரி உண்மையான பூஞ்சையே அல்ல, பாசி இனத்துக்கு நெருங்கிய உறவு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் எத்தனை பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள்! அதோடு, வெள்ளரிக் குடும்பத்தில் பல வகைகளுக்குக் கந்தகம் ஆகாது. 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது தெளித்தால் இலையே வெந்துவிடும். உங்கள் கொடியின் ஓரக்கருகலில் பாதி அதனால் வந்தது என்பது என் கணிப்பு.

பூசணிக்கும் வரலாம், காற்றிலேயே பரவும். நோய்பட்ட இலைகளை இன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இலை ஈரமாக இருக்கும் நேரம்தான் இந்த நோய்க்கு வாசல். ஆகவே தண்ணீரை மேலிருந்து தெளிக்காமல் காலையில் வேரில் விடுங்கள். கொடியைத் தூக்கிக் கட்டுங்கள். இன்னும் நலமாக இருக்கும் பூசணி இலைகளுக்குத் தாமிரம் கலந்த மருந்தை, உறையில் உள்ள அளவு தாண்டாமல், இரு புறமும் தெளிக்கலாம். கருகிய இலைகள் எதனாலும் மீளாது.

கேள்வி: சுக்கினிச் செடியின் (பூசணி இனக் காய்) இலைகளில் வெள்ளித் திட்டுகள். பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். வரவில்லை, எல்லா இலைகளிலும் நரம்புகள் பிரியும் மூலைகளில் ஒரே அமைப்பாக இருக்கிறது என்றால், அது அந்த இரகத்தின் இயல்பு. முதல் முறை பயிரிட்டபோது இதை அறியாமல் நான்கு நல்ல செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். இன்றும் அது உறுத்துகிறது. புதிதாக வரும் இலைகள் மட்டும் நரம்பிலிருந்து தொடங்கி முழுதாக வெள்ளி பூசியதுபோல் மாறினால், அடியில் வெள்ளை ஈக் குஞ்சுகளைத் தேடுங்கள்.

கேள்வி: பால் தெளித்தால் இலைநோய் போகுமா?

பதில்: சாம்பல் நோய்க்கு மட்டும். பிரேசிலில் பசுங்குடிலில் வளர்த்த சுக்கினியில் பசும்பாலைச் சோதித்து, நல்ல பலன் கண்டதாக 1999இல் ஆய்வு வெளியானது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த வாரமே தொடங்குங்கள். இலை முழுதும் மாவான பிறகு பலனில்லை.