பூட்டிய மருந்தகமும் ஏட்டில் இல்லாத பதவியும்

கேள்வி: எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த வைத்திய உதவியாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து கதவு பூட்டித்தான் கிடக்கிறது. கம்பனியைக் கேட்டால், "சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை" என்கிறார்கள். அரசாங்கத்தைக் கேட்டால், "அது தோட்டத்துச் சொத்து, நாங்கள் கை வைக்க முடியாது" என்கிறார்கள். டவுன் ஆஸ்பத்திரியிலும் டொக்டர்மார் போதாது. குளிருக்குப் பயந்து அவர்கள் மலைநாட்டுக்கு வர மறுப்பதுதான் காரணமா? நாங்கள் யாரிடம் போய் நிற்பது?
– வாசகி ஒருவர், பொகவந்தலாவை

பதில்: குளிர் காரணமில்லை, சகோதரி. அந்தப் பேச்சு பொறுப்பானவர்களுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மருந்தகத்தில் இருந்தவர் கம்பனியின் உத்தியோகத்தர். சம்பளம் கொடுத்தது கம்பனி. அரசாங்கத்தின் ஆளணிப் பட்டியலில், அதாவது எந்த இடத்தில் எத்தனை பதவிகள் என்று அனுமதித்த பட்டியலில், அந்த இடத்துக்கென்று ஒரு பதவி இருந்ததே இல்லை. ஆகவே அவர் போனபோது சுகாதாரத் திணைக்களத்தின் ஏட்டில் ஒரு வெற்றிடமும் விழவில்லை. வெற்றிடம் இல்லாத இடத்துக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோர மாட்டார்கள். வருடாந்த இடமாற்றப் பட்டியலிலும் அது வராது. நாளைக்கே நாட்டில் டொக்டர்மார் நிறைந்து வழிந்தாலும் உங்கள் கதவு திறக்காது. மேடைக்கு மேடை "டொக்டர் தாருங்கள்" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, அங்கீகரிக்கப்பட்ட பதவியை.

"தோட்டத்துச் சொத்து" என்ற பதிலையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்று அறிந்து வைத்திருப்பதையும் தேவையானவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதையும் தொரையின் (தோட்ட நிர்வாகியின்) கடமையாக்கியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது; பிறகு நிலம் 53 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. குத்தகைக்குக் கொடுத்தவர் நிலத்தின் சொந்தக்காரர்தானே? மருந்தகம் நிற்கும் மண் அரசாங்கத்தின் மண். கை வைக்க முடியாது என்று அரசாங்க அலுவலகத்திலேயே சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

கை வைக்கும் வழியும் இருக்கிறது. முன்பே சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்திருக்கிறது. கட்டடமும் அதைச் சுற்றிய துண்டு நிலமும் அளக்கப்பட்டு, குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சுகாதாரப் பிரிவுக்குக் கையளிக்கப்பட வேண்டும். அதோடு சேர்த்து, திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கே இத்தனை டொக்டர், இத்தனை தாதியர், ஒரு மருந்தாளர் என்று ஆளணியை அங்கீகரிக்க வேண்டும். பெரும்பாலும் இந்த இரண்டாவது காரியம்தான் நின்றுபோகிறது. நாடா வெட்டுவதற்குக் கட்டடம் போதும். காலையில் நாடி பார்ப்பதற்கு ஆளணிக் கடிதம் வேண்டும். புதிய கட்டடம் வருகிறது என்று யாராவது உங்கள் தோட்டத்தில் அறிவித்தால், அந்தக் கடிதம் வந்துவிட்டதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

டவுன் ஆஸ்பத்திரியின் நோய் வேறு. அங்கே பதவி உண்டு, ஆள் இல்லை. சில இடங்களில் ஏட்டில் ஆளும் உண்டு, வார்ட்டில் இல்லை! ஒருவருடைய பதவி மலைநாட்டில் இருக்கும். அவர் "இணைப்பு" என்ற பெயரில் வேறொரு நகரத்தில் வேலை செய்வார். 2022 நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு போக அனுமதித்துச் சுற்றறிக்கை வந்தது. அப்படிப் போனவரின் பெயரும் ஏட்டில் இருக்கும். ஓய்வு வயதை அறுபதுக்குக் குறைத்ததில், அந்த வருட முடிவில் ஒரே நாளில் பெருந்தொகையானவர்கள் அரச சேவையை விட்டுப் போனார்கள். எஞ்சியிருப்பவர் ஒருவரே வெளிநோயாளர் பிரிவையும் வார்ட்டையும் அவசரத்தையும் பார்க்கிறார். வார்ட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினால், வெளியே நம்பர் துண்டோடு வரிசையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு மணிக்கு நம்பர் முடிந்தது என்றால், மேல் டிவிசனிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வந்தவளுக்கு அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போச்சு, மருந்தும் இல்லை. அந்த டொக்டர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டொக்டர்மார் வந்தாலும் தங்காததற்கான காரணங்களை எண்ணிச் சொல்லலாம். பயிற்சி முடிந்து நியமனம் பெறும்போது தகுதி வரிசையில் முன்னால் நிற்பவர்கள் நகரங்களை எடுத்துக்கொள்கிறார்கள், மிஞ்சியது மலைக்கு. விடுதிச் சுவரில் ஈரம் ஊறும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம், மாலையில் தனியார் இடங்களில் நோயாளரைப் பார்க்கும் (சேனல் செய்யும்) வருமானம் இல்லை. நல்ல விடுதி ஒன்றைக் கட்டிக் கொடுப்பதற்கு ஒரு வார்ட் கட்டும் செலவு ஆகாது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலையை 2017இல் இந்தியப் பிரதமரே வந்து திறந்து வைத்தார். அந்த அளவு கவனம் விடுதிகளுக்கும் ஆளணிக்கும் கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களிடமிருந்து வந்திருக்காது.

தாதியர் விஷயத்தில் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அரச தாதியர் பயிற்சி மூன்று வருடம். அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் சித்தி வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகளில் அந்தப் பிரிவுகள் உள்ளவை மிகக் குறைவு. பத்தாம் வகுப்பில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையின் பிள்ளை எப்படித் தாதியாவாள்? தமிழ் பேசும் தாதி இல்லாத வார்ட்டில் நோயாளி சொல்வதைத் துப்புரவுத் தொழிலாளி மொழிபெயர்க்கிறார். காகித உறையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத கிழவி, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சீனி வருத்த மாத்திரையை போட்டுவிட்டு, சாப்பிடாமலே மலை ஏறி மயங்கி விழுகிறாள். மருந்து வாங்கும் ஜன்னலை விட்டு நகருமுன் மூன்று விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும்: ஒரு வேளைக்கு எத்தனை, நாளைக்கு எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழி. கேட்பது உங்கள் உரிமை.

கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடி வந்து பார்க்கும் மருத்துவமாதுக்கும் இதே நிலைதான். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது நாட்டின் அளவுகோல். சமவெளியில் அது சைக்கிளில் சுற்றிவரும் தூரம். இங்கே ஒரு லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) அடுத்த லயத்துக்கும் இடையில் ஒரு மலை. ஆள்தொகையை மட்டும் எண்ணிப் பதவி கொடுத்தால் மலைநாடு எப்போதும் ஏமாறும்.

சரி, யாரிடம் போய் நிற்பது? நிற்க வேண்டாம், எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி மாகாணத்துக்குரியது என்றால் நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் தகவல் அலுவலருக்கு. மத்திய அரசுக்குரியது என்றால் சுகாதார அமைச்சின் தகவல் அலுவலருக்கு. தமிழில் எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். "ஏன் டொக்டர் இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு பதவிக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? இன்ன திகதியில் உண்மையில் கடமையில் இருந்தவர்கள் எத்தனை? இணைப்பில் வெளியே போனவர்கள் எத்தனை? சம்பளமற்ற விடுமுறையில் எத்தனை? வெற்றிடத்தை நிரப்பக் கடைசியாக எப்போது கடிதம் அனுப்பினீர்கள், அதன் பிரதி எங்கே? மருந்தகத்தைப் பற்றித் தனிக் கடிதம்: இதைப் பொறுப்பெடுக்க எப்போதாவது மதிப்பீடு செய்யப்பட்டதா, கோப்பு யாரிடம் இருக்கிறது? ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ, அந்த அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கவென்று நியமிக்கப்பட்ட குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, பல வருடங்களாகத் தேர்தல் நடக்காததால் சபையில் கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாமல் போனது. அந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாம்.

அதுவரை நோய் காத்திருக்காது. அவசரத்துக்கு 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நம்மூரில் அது தாமதிப்பது பெரும்பாலும் இடம் தெரியாமல்தான். நாம் புழங்கும் தோட்டத்துப் பெயர் வேறு, வரைபடத்தில் உள்ள பெயர் வேறு. தோட்டத்தின் பதிவுப் பெயர், டிவிசன், லய இலக்கம், பக்கத்துத் தொழிற்சாலை, பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் சந்தி ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் (குழந்தைக் காப்பகத்திலும்) ஒட்டி வையுங்கள். வண்டி ஏற முடியாத பாதை என்றால் அதை அழைக்கும்போதே சொல்லி, ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் போய் நிற்கட்டும்.

தகவல் அலுவலரிடமிருந்து பதில் வந்ததும் அதன் பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். அந்த எண்களை இதே பக்கத்தில் அப்படியே அச்சிடுகிறோம்.