இறால் மீதான பொருள்குவிப்பு வரி: கொங்கு வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கா இந்திய இறால் மீது 2005 முதல் விதித்துவரும் ஆன்டி டம்பிங் வரி, அதாவது வழக்கமான விலையைவிட மலிவாக விற்றுக் குவிப்பதைத் தடுக்கும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி பற்றி, நம் வட்டாரத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏற்றுமதி நிறுவனங்களின் அடக்கவிலைக் கணக்குகளைப் பார்க்கும் கணக்காளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றையே சொல்கிறேன். கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனாலும் பண்ணைக் குட்டை நீரில் காற்றுக் கலக்கச் சுழலும் ஏரேட்டர் மோட்டார், தீவனத்துக்கான சோயாப் புண்ணாக்கு, கடற்கரையில் போட்டிருக்கும் பங்குப் பணம் என இத்தொழிலோடு நமக்குள்ள தொடர்பு சிறியதன்று.

பல்லடம்: பிராய்லர் பண்ணையோடு நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டைகளிலும் பங்கு வைத்திருக்கிறேன். மலிவாக விற்பது எப்படிக் குற்றமாகும், ஐயா?

மலிவாக விற்பது குற்றமன்று. இந்த வரி தண்டனையும் அன்று. உலக வணிக அமைப்பின் ஒப்பந்தப்படி இரண்டு செய்திகள் நிறுவப்பட்டால்தான் வரி விதிக்க முடியும். ஏற்றுமதியாளர் தம் வழக்கமான சந்தையில் பெறும் விலையைவிடக் குறைவாக அந்த நாட்டுக்கு விற்றிருக்க வேண்டும் என்பது ஒன்று. அதனால் அங்குள்ள உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அமெரிக்காவில் முன்னதை வணிகத் துறையும் பின்னதை சர்வதேச வணிக ஆணையமும் தனித்தனியாக விசாரிக்கின்றன.

லூசியானா, டெக்சாஸ் முதலிய தென் மாநிலங்களில் படகு வைத்து இறால் பிடிப்போர் 2003 டிசம்பர் இறுதியில் மனு கொடுத்தனர். பிரேசில், சீனா, ஈக்வடார், இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகள் அதில் சேர்க்கப்பட்டன. 2005 பிப்ரவரி 1 அன்று வெளியான ஆணையில், தனியாக விசாரிக்கப்படாத இந்திய நிறுவனங்களுக்கு 10.17% என்று விகிதம் குறிக்கப்பட்டது. பண்ணை இறால் பெருகப் பெருக, கடலில் வலைவீசிப் பிடிப்பவரால் டீசல் செலவைக்கூட ஈடுகட்ட முடியாத நிலை அங்கே உண்மையாகவே ஏற்பட்டது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நிலைக்கு இந்த வரிதான் மருந்தா என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

பீளமேடு: கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? நான் செலவுக் கணக்குப் படித்து வருகிறேன்.

சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இந்திய ஏற்றுமதியாளர் உள்நாட்டில் விற்கும் இறாலின் அளவு, அமெரிக்காவுக்கு விற்பதில் 5% கூட வராவிட்டால் உள்நாட்டு விலையை ஒப்பீட்டுக்கு எடுக்க மாட்டார்கள். அப்போது அவர் மூன்றாம் நாடு ஒன்றுக்கு விற்ற விலையை எடுப்பார்கள். அதுவும் பொருந்தாவிட்டால் அடக்கவிலையோடு நிர்வாகச் செலவையும் லாபத்தையும் கூட்டி ஒரு விலையைக் கட்டமைப்பார்கள். இரு பக்க விலைகளிலிருந்தும் கப்பல் கூலி, காப்பீடு, குளிர்பதனக் கிடங்கு வாடகை போன்றவற்றைக் கழித்து, ஆலை வாசலில் நிற்கும் விலையாக்கி ஒப்பிடுவார்கள்.

ஒப்பிடும்போது பொருளும் ஒத்திருக்க வேண்டும். பெட்டியில் 21/25 என்று அச்சிட்டிருந்தால் ஒரு பவுண்டுக்கு 21 முதல் 25 இறால் என்று பொருள். அதே 21/25 இறாலே தலை நீக்கி ஓட்டோடு இருந்தால் ஒரு பொருள், ஓடு உரித்து, குடல் நரம்பு நீக்கி, வால் மட்டும் விட்டிருந்தால் வேறு பொருள், வேகவைத்திருந்தால் இன்னொன்று. ஒவ்வொரு வகைக்கும் தனி அடக்கவிலை காட்ட வேண்டும். உரித்தபின் எடை எவ்வளவு குறைகிறது, எத்தனை மணி நேரக் கூலி ஆகிறது, உறையவைக்க மின்சாரம் எவ்வளவு என்பதெல்லாம் வகைவாரியாகப் பதிவில் இருந்தால்தான் அது முடியும். ஆண்டு இறுதியில் மொத்தச் செலவை மொத்த எடையால் வகுத்துக் கொடுப்பவர், உரிக்காத இறாலின் தலையில் உரித்த இறாலின் கூலியையும் ஏற்றிவிடுகிறார்.

அடக்கவிலைக்குக் கீழே விற்ற விற்பனைகளைப் பற்றி ஒரு விதி உண்டு. ஒப்பீட்டுச் சந்தையில் ஒரு வகையின் விற்பனையில் 20% அல்லது அதற்கு மேல் அடக்கவிலைக்குக் கீழே போயிருந்தால், அந்த மலிவு விற்பனைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். எஞ்சுவது உயர்ந்த விலைகள் மட்டுமே. ஆகவே செலவைத் தவறாகப் பிரித்துக் காட்டுவதே வரியை உயர்த்திவிடும். கேட்ட விவரத்தைக் கொடுக்காதவருக்கு, இருப்பவற்றுள் அவருக்குப் பாதகமான தகவலை வைத்தே விகிதம் முடிவாகும்.

திருப்பூர்: பின்னலாடையில் வரியை வாங்குபவர்தான் கட்டுகிறார். இறாலில் யார் கட்டுகிறார்கள்?

சட்டப்படி இறக்குமதியாளர்தான் கட்ட வேண்டும். ஆனால் இறால் வணிகத்தில் இந்திய ஏற்றுமதியாளர்கள் பலர் தாங்களே அமெரிக்கச் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிந்துகொண்டு, வரி கட்டிய சரக்காக அங்குள்ள வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கிறார்கள். அப்படியானால் சுமை இவர்கள் மேல்தான்.

உங்கள் தொழிலில் பழகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சரக்கு இறங்கும்போது கட்டுவது முன்வைப்புத் தொகை மட்டுமே. ஒவ்வொரு பிப்ரவரியிலும் மறுஆய்வு கோரலாம். கோரினால் முந்தைய ஓராண்டு விற்பனையை ஆராய்ந்து உண்மையான விகிதத்தை அதன் பிறகே முடிவு செய்வார்கள். 2% கட்டி இறக்கிய சரக்குக்கு, விற்றுச் சாப்பிட்டு முடித்த பின் 5% என்று தீர்ப்பு வந்தால், மீதி 3 சதவீதத்தையும் வட்டியையும் தேடிக் கட்ட வேண்டும். குறைந்தால் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலும் அளவில் பெரிய இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, அவற்றின் சராசரியை ஆய்வுக்குள் வந்த மற்ற நிறுவனங்களுக்கும் பொருத்துகிறார்கள். தன் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சிறு ஏற்றுமதியாளரின் விகிதம் அடுத்தவர் கணக்கில் தொங்குகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்த நிச்சயமின்மைக்காக அவர் கொள்முதல் விலையைக் குறைத்துப் பேசுகிறார். கடைசியில் குட்டைக் கரையில் கவுண்ட் (எடைக்கு எத்தனை இறால்) பார்த்து எடை போடும்போது விவசாயி அதைச் சுமக்கிறார்.

ஈரோடு: விஸ்கோஸ் பஞ்சுக்கு நம் அரசே இதைப் போட்டதே. அதுவும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றேதான். 2010 முதல் இறக்குமதி விஸ்கோஸ் இழைக்கு நாம் விதித்த பொருள்குவிப்பு வரி 2021 ஆகஸ்டில்தான் நீங்கியது. அந்தக் காலம் முழுவதும் ரேயான் துணி நெய்யும் ஈரோட்டு விசைத்தறிக்காரரும் கோவை நூற்பாலைகளும் மூலப்பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் நானே அறிவேன். வரி இழை உற்பத்தியாளரைக் காத்தது. அதை வாங்கி வேலை செய்த பல்லாயிரம் பேரைக் காக்கவில்லை. அமெரிக்காவிலும் இறாலை வாங்கிப் பக்குவம் செய்யும் ஆலைகளும் உணவகங்களும் இதையேதான் சொல்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு: உள்நாட்டுப் பாதிப்பை நீக்கக் குறைந்த வரியே போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளும் விதி நம்மிடம் இருக்கிறது; அமெரிக்கா வித்தியாசம் முழுவதையும் விதிக்கிறது.

கோபிசெட்டிபாளையம்: உலக வணிக அமைப்பில் இந்தியா வழக்குப் போடவில்லையா?

போட்டது, ஒரு பகுதியில் வென்றது. 2005-இல் அமெரிக்கச் சுங்கம், இந்த வரிக்குட்பட்ட இறாலை இறக்குமதி செய்வோர் வழக்கமான பிணையத்துக்கு மேல், முந்தைய ஓராண்டு இறக்குமதி மதிப்பில் வரி விகிதம் அளவுக்குக் கூடுதல் பிணையம் கட்ட வேண்டும் என்றது. வரியும் கட்டி, அதே அளவு பிணையமும் கட்டியதால் நடைமுறை மூலதனம் முடங்கியது. இந்தியாவும் தாய்லாந்தும் தனித்தனியே தொடுத்த வழக்கில், அந்தப் பிணையம் நியாயமான உத்தரவாதம் அன்று என்று மேல்முறையீட்டு அமைப்பு 2008-இல் தீர்ப்பளித்தது.

ஈக்வடார் எதிர்த்தது வேறொன்றை. ஒப்பீட்டு விலை 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 100 பவுண்டு வீதம் மூன்று சரக்குகள் முறையே 4.80, 5.00, 5.20 டாலருக்கு விற்றால் சராசரியில் வித்தியாசமே இல்லை. ஆனால் மூன்றாவதில் கிடைத்த கூடுதலைச் சுழி என்று வைத்து, முதலாவதின் குறைவை மட்டும் கூட்டினால் 1,500 டாலர் விற்பனைக்கு 20 டாலர், அதாவது 1.33% பொருள்குவிப்பு பிறந்துவிடுகிறது. ஜீரோயிங் எனப்படும் இந்த முறை ஒப்பந்தத்துக்கு முரண் என்று 2007-இல் தீர்ப்பு வந்தபின், ஈக்வடார் மீதான ஆணை அதே ஆண்டு நீக்கப்பட்டது.

வசூலான வரியை மனுக் கொடுத்தவர்களுக்கே பங்கிட்டுத் தந்த பைர்ட் திருத்தம் என்ற சட்டத்தையும் இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து எதிர்த்து 2003-இல் வென்றன. 2006-இல் அது நீக்கப்பட்டது. புகார் கொடுத்தவருக்கே வரிப் பணம் போய்ச்சேரும் ஏற்பாடு எந்த நியாயத்திலும் சேராது. இன்று இப்படி மேல்முறையீடு செய்ய வழியில்லை: உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்து கிடக்கிறது.

பொள்ளாச்சி: 2025-இல் அமெரிக்கா சொன்ன 50% இதுதானா?

இல்லை. அது 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் வேறு அதிகாரத்தின் கீழ் விதிக்கப்பட்ட பொதுச் சுங்க வரி. பொருள்குவிப்பு வரி அதற்கு மேல் தனியாக வந்தது.

நாமக்கல்: மானியத்துக்காக இன்னொரு வரி வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆம். அரசு மானியத்தை ஈடுகட்டும் எதிரீட்டு வரி அது. 2013-இல் இப்படி ஒரு முயற்சி நடந்து, பாதிப்பு நிறுவப்படவில்லை என்று சர்வதேச வணிக ஆணையம் முடித்துவிட்டது. 2023-இல் மீண்டும் மனு வந்தது. 2024 டிசம்பரில் இந்தியாவுக்குப் பொதுவாக 5.77% விதித்து ஆணை வெளியானது. திருப்பூர்க்காரர்கள் நன்கறிந்த டியூட்டி டிராபேக்கும், அதைப்போல ஏற்றுமதியாளருக்கு வரியைத் திருப்பித் தரும் ரோடெப் திட்டமும் இங்கே மானியம் என்றே விசாரிக்கப்பட்டன. ஏற்றுமதி மானியத்துக்காக விதித்த எதிரீட்டு வரியின் அளவைப் பொருள்குவிப்புக் கணக்கில் ஏற்றுமதி விலையோடு கூட்டிக்கொள்ள அமெரிக்கச் சட்டமே இடம் தருகிறது. மறுஆய்வில் இதைக் கேட்டுப் பெறத் தவறக் கூடாது.

தாராபுரம்: இது என்றைக்குத்தான் முடியும்?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர்வதா என்று ஆராய வேண்டும் என்பது விதி. 2017 ஆய்வில் பிரேசில் விடுபட்டது. இந்தியா, சீனா, தாய்லாந்து, வியட்நாம் மீதான ஆணை தொடர்கிறது. சுனாமிக்குப் பின் 2005-இல் இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் நிலை மாறிவிட்டதா என்று தனியாக ஆராய்ந்தபோதும் வரியை நீக்கவில்லை. நாடு முழுமைக்கும் விடிவு அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 2012 வரை இருந்த விதிப்படி, தொடர்ந்து பூஜ்ய விகிதம் பெற்று, ஆணையிலிருந்தே விடுபட்ட இந்திய நிறுவனம் உண்டு.

சிங்காநல்லூர்: ஏரேட்டர் மோட்டார் செய்து கொடுக்கிறோம். இந்த வழக்கில் எங்களுக்கு ஏதாவது வேலை உண்டா?

உண்டு. ஏற்றுமதியாளர் வெளி விவசாயியிடம் இறால் வாங்கினால் கொள்முதல் விலைதான் அவருடைய செலவு. தம் சொந்தப் பண்ணையில் வளர்த்தால் குஞ்சு, தீவனம், மின்சாரம், ஏரேட்டர் தேய்மானம் எல்லாம் அடக்கவிலைக்குள் வரும். அப்போது உங்கள் விற்பனைப் பட்டியலும் (பில்) சரிபார்ப்புக்குப் போகும். மோட்டார் எந்தப் பண்ணையில் எந்தத் தேதியில் பொருத்தப்பட்டது, பழுதுக்கு எவ்வளவு, புதிதுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பட்டியல் எழுதிக் கொடுங்கள். ஒரே தொகையாக எழுதினால், மூலதனச் செலவாகப் பல ஆண்டுகளுக்குப் பிரிக்க வேண்டியது அந்த ஆண்டின் இறால் மீதே முழுதாக ஏறிவிடும்.