ஆற்றிலேயே வளர்ந்த டிரவுட்டா, கடலுக்குப் போய்வந்த ஸ்டீல்ஹெட்டா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் ஒன்று: வானவில் டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே மீன் இனம்தான். வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் பிறந்து, அங்கேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பெரிய உடம்பு, வெள்ளி மினுமினுப்பு என்று பார்வையிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆற்றுக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் ஆனால் அந்த வெள்ளி மங்கி, பக்கவாட்டில் சிவப்புப் பட்டை ஏறிவிடும். அப்புறம் குழப்பம்தான்.

செதிலை உருப்பெருக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். ஆற்றில் வளர்ந்த காலத்தில் நெருக்கமாகவும், கடலில் தின்று வளர்ந்த காலத்தில் அகலமாகவும் இருக்கும். இதற்கு மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

உண்மையான நாட்குறிப்பு மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல். மரத்தின் ஆண்டு வளையம்போல அது அடுக்கடுக்காக வளரும். பொதுவாகக் கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதிகம் என்பதால், கடலில் படிந்த அடுக்குகளில் அதன் அளவு ஏறும். கல்லின் நடுப்பகுதி உருவாவது தாய் தந்த மஞ்சள் கருவிலிருந்து. அதனால் நடுவில் ஸ்ட்ரான்சியம் கூடுதலாக இருந்தால், இந்த மீன் கடலையே பார்க்காவிட்டாலும் தாய் கடலுக்குப் போய்வந்தவள் என்று தெரியும்! எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப்புகள் (எடை சற்றே மாறுபடும் அணு வகைகள்) கலந்திருக்கும் விகிதம் ஓடையின் பாறைக்கேற்ப மாறுவதால், பிறந்த ஓடையைக்கூடப் பல இடங்களில் ஊகிக்கலாம். சங்கடம் என்னவென்றால், கல்லை எடுக்க மீன் செத்திருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை? வம்சத்தைச் சொல்லும், கடலுக்குப் போகும் சாய்வையும் ஓரளவு காட்டும். போனதா இல்லையா என்பதைச் சொல்லாது.