'பாதீடு' என்பது பாதி + இடு தானா? இரண்டாகப் பிரிப்பதா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு சும்மா போக முடியவில்லை, ஏனென்றால் இந்த ஒரு சொல்லால் எனக்கு 450 ரூபாயும் மாடி வீட்டுக்காரர் ஒருவரின் சிநேகமும் போயின.

இலங்கைச் செய்தி ஏதாவது படிக்கும்போது இந்தச் சொல் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பட்ஜெட்டைப் பாதீடு என்றும் எழுதுவார்கள்.

வேர் 'பகு'. பகுத்து என்பது பாத்து என்று சுருங்கும், அகத்துக்காரர் ஆத்துக்காரர் ஆன மாதிரி. குறளிலேயே ஓரிடத்தில் 'பகுத்துண்டு', இன்னோரிடத்தில் 'பாத்தூண்' என்று இரண்டும் இருக்கின்றன. பாது என்றால் பங்கு. பாதிடு என்றால் பங்கிடு. வெளியிடு வெளியீடு ஆவது போல பாதிடு பாதீடு ஆகிறது. பாதியும் அதே பகுவுக்குப் பிறந்ததுதான், அதனால் உங்கள் ஊகம் அடியோடு தப்பில்லை, அண்ணனைத் தம்பி என்று நினைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் சமமாகப் பிரிப்பதும் பாதீடு ஆகாது. தொல்காப்பியத்தில், எதிரியின் மாடுகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளில் (உட்பிரிவுகளில்) ஒன்று பாதீடு: எதிரியின் மாடுகளை ஓட்டிவந்த மறவர்கள் ஊருக்கு வந்து அவற்றைப் பங்கு போட்டுக்கொள்வது. பின்னால் வந்த இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் தெளிவாக, அவரவர் செய்த வேலையைப் பார்த்துக் கொடுப்பது என்கிறது. வாளெடுத்துச் சண்டை போட்டவனுக்கு மட்டுமல்ல, ஒற்றுப் பார்த்து வந்து சொன்னவனுக்கும், கிளம்பும் முன் சகுனம் பார்த்துச் சொன்னவருக்கும்கூடப் பங்கு உண்டு. திருட்டு மாடு என்றாலும் கணக்கு சரியாக இருந்திருக்கிறது பாருங்கள்.

(தனித்தமிழ் வெறியன் என்று கருத்துப் போட வருகிறவர்களுக்கு: நானும் வாய்க்கு வாய் பட்ஜெட் என்றுதான் சொல்கிறேன். கேட்டதால் சொன்னேன்.)

சரி, என் கதைக்கு வருகிறேன். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தது நினைவிருக்கும். எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு, அப்போது 28 பேர், நான் பொருளாளர். (யாரும் முன்வராததால் பொருளாளர். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போட மட்டும் முப்பது கை நீளும், ரசீது புத்தகத்தை வாங்கிக்கொள்ள ஒரு கை நீளாது. அதைச் சொன்னால் தனிக் கட்டுரையாகிவிடும்.) ஒரு லாரித் தண்ணீர் 4,200 ரூபாய். வீட்டுக்கு 525 என்று வாங்கிக்கொண்டிருந்தோம். தரைத்தளத்தில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், இரண்டு குடம் தண்ணீரில் அவர் நாள் ஓடிவிடும். மூன்றாம் மாடியில் ஆறு பேர், வாஷிங் மெஷின் நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை.

எனக்கு மனசு கேட்கவில்லை. 'இனி லாரித் தண்ணீர்ச் செலவு ஆள் கணக்குப்படி பாதிடப்படும்' என்று நோட்டீஸ் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். அந்தச் சொல்லைப் போட்டதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. தலைக்கு 150, மூன்றாம் மாடிக்கு 900. அந்த வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தது 450. "என்ன சார், 900 ஆச்சே" என்றேன். "நோட்டீஸ்ல நீங்கதானே பாதின்னு போட்டிருக்கீங்க?" என்றார். பகுவிலிருந்து ஆரம்பித்துக் குறள் வரை விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்ல எழுதியிருக்கலாமே சார்" என்று சொல்லிப் படியேறிப் போனார். லாரிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் மீதியை நானே போட்டுக் கொடுத்தேன், இன்று வரை திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலம் பாட்டி கதவைத் தட்டி ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே 525. எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "பாதி பாதின்னு மேல சத்தம் கேட்டுது, எனக்கு ஒண்ணும் புரியலைப்பா, வழக்கமா குடுக்கறதையே வெச்சுக்கோ" என்றார். 375 ரூபாயை அவர் கையில் திருப்பித் திணிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் அந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு 'தலைக்கு 150 ரூபாய்' என்று எழுதி ஒட்டினேன்.