வெடித்தது எது என்று பெண்ணின் அப்பா கேட்டால்

கேள்வி: ஐயா, எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவுக்கு இது தெரிந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். கோபப்படவில்லை. “கடவுள் இல்லேன்னா இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு தம்பி? ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒண்ணு இருக்கு?” என்றார். பெருவெடிப்பு என்றேன். “வெடிச்சது எது?” என்றார். முழித்தேன். அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வெற்றிடத்திலிருந்து துகள்கள் தானாகவே தோன்றும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், அதைச் சொல்லலாமா? இதை விளக்க ஆன்லைனில் இரண்டு நாள் வகுப்பு, 1,500 ரூபாய் என்கிறார்கள், சேரலாமா? வந்த இடத்தில் அவர் திருநீறு கொடுத்தால் என்ன செய்வது?

பதில்: வகுப்பில் சேராதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்வியை வைத்துப் பிழைப்பவர்கள் இரண்டு கட்சி. குவாண்டம் இயற்பியல் வேதாந்தத்தை உறுதி செய்துவிட்டது என்று மைக் பிடிப்பவர்கள் ஒரு கட்சி. புதுச்சேரிப் பக்கம் இதற்கென்றே வாரக்கடைசி முகாம் போடுகிறார்கள், சாப்பாடு தங்கல் உட்பட. எல்லாம் ரிக் வேதத்திலேயே இருக்கிறது என்பார்கள். அவர்கள் காட்டுகிற பாட்டு பத்தாம் மண்டலத்தின் 129ஆம் சூக்தம். அதன் கடைசி வரியை மட்டும் வாசிக்க மாட்டார்கள். இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்பது மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாது என்று அது முடிகிறது. முகாம் நடத்துகிறவருக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு கட்சி நம்மவர்கள்தான், கடவுள் இல்லை என்பவர்கள். ஒன்றுமில்லாததிலிருந்து உலகம் வந்ததை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று துண்டறிக்கை அடிப்பவர்கள். உங்கள் காணொளி இந்த வகை என்று நினைக்கிறேன். ‘குவாண்டம்’ என்று ஆரம்பித்தவர் ஒரு சமன்பாடுகூடக் காட்டாமல் கட்டண விவரத்துக்கு வந்துவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பெருவெடிப்பு. அவர் உங்களை மடக்கியது நியாயம். பெருவெடிப்புக் கொள்கை சொல்வது இவ்வளவுதான்: சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்தது, அன்றுமுதல் விரிந்து ஆறிக்கொண்டிருக்கிறது. அந்தச் சூட்டின் மிச்சத்தை 1964இல் பென்சியாஸும் வில்சனும் ஒரு ரேடியோ ஆன்டெனாவில் இரைச்சலாகப் பிடித்தார்கள். இப்போது அது 2.7 கெல்வின், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். இதற்கெல்லாம் சான்று உண்டு. ஆனால் இது இருந்த ஒன்றின் வரலாறு. ஏன் இருந்தது என்பதை அது சொல்ல வரவே இல்லை. இந்தக் கொள்கைக்கு முதல் வடிவம் கொடுத்த லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இதோ படைப்புக்கு விஞ்ஞானச் சாட்சி என்கிற தொனியில் பேசியபோது அந்தப் பாதிரியாரே அதை விரும்பவில்லை. இயற்பியலை இயற்பியலாக விடுங்கள் என்பது அவர் நிலை. போப்புக்கு உதவாதது உங்களுக்கும் உதவாது.

இதில் உங்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ‘பிரபஞ்சம் எவ்வாறு தோன்றியது? விடை: பெருவெடிப்பு’ என்று ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தவர்தானே நீங்கள். வெடித்தது எது என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டால், போர்ஷன் முடிக்கணும், உட்காரு என்கிறோம். முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், வினாத்தாளில் வராத கேள்விக்கு நம் படிப்பில் இடமே கிடையாது. தத்துவத்துக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை இருக்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதைத் தேடிப் பாருங்கள். கடைசியில் ஒரு தமிழாசிரியர் காப்பியும் பஜ்ஜியும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது வெற்றிடம். காற்றையும் ஒளியையும் எல்லாத் துகளையும் எடுத்துவிட்ட பிறகும் இயற்பியலின் வெற்றிடத்தில் புலங்கள் (காந்தத்தைச் சுற்றி இருக்கிற காந்தப்புலம் மாதிரி) இருக்கும், அவற்றில் ஏற்ற இறக்கம் இருக்கும், அதற்கு விதிகள் இருக்கும். பிரபஞ்சமே அப்படியொரு ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று 1973இல் எட்வர்ட் ட்ரையான் என்ற இயற்பியலாளர் எழுதினார். பொருளின் ஆற்றலைக் கூட்டல் கணக்கிலும் ஈர்ப்பின் ஆற்றலைக் கழித்தல் கணக்கிலும் வைத்தால் மொத்தம் சைபராக வரக்கூடும், ஆகவே எங்கிருந்தும் கடன் வாங்கத் தேவையில்லை என்பது வாதம். அழகான வாதம்தான். ஆனால் பாஸ்புக்கில் இருப்பு சைபர் என்றால் வங்கியே இல்லை என்று ஆகிவிடாது. ஈர்ப்பு விதி இருப்பதால் பிரபஞ்சம் தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று 2010இல் ஹாக்கிங் எழுதியபோதும் இதே இடத்தில்தான் இடித்தது. அந்த விதி ஏன் இருக்கிறது? 2012இல் லாரன்ஸ் க்ராஸ் என்ற இயற்பியலாளர் இதையே ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். நியூயார்க் டைம்ஸில் அதற்கு மதிப்புரை எழுதிய டேவிட் ஆல்பர்ட், வெற்றிடம் என்பது புலங்கள் இருக்கும் ஒரு நிலை, ஒன்றுமில்லாமை ஆகாது என்று போட்டு உடைத்தார். ஆல்பர்ட் சாமியார் இல்லை, இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய தத்துவவாதி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெற்றிடத்தை எடுக்காதீர்கள். “அந்த வெற்றிடம் எங்கேருந்து வந்துச்சு தம்பி?” என்பார், மறுபடி முழிப்பீர்கள்.

பிறகு நம்பிக்கையில்லாதவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியை இந்த வடிவில் 1714இல் கேட்டவர் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ். எதற்கும் போதுமான காரணம் இருந்தாக வேண்டும், ஆகவே உலகத்துக்கும் வெளியே ஒரு காரணம் உண்டு, அது கடவுள் என்பது அவர் முடிவு. 1948இல் பிபிசி வானொலியில் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியார் இதை எடுத்துவைத்தபோது கடவுள் நம்பிக்கையில்லாத தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் சொன்ன பதில்: பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். இல்லை. காரணம் கேட்டுக்கொண்டே போனால் யாரானாலும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். ஆத்திகர் கடவுளில் நிற்கிறார். கடவுள் ஏன் இருக்கிறார் என்றால் அவர் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவர், அவருக்குக் காரணம் இல்லை என்கிறார். காரணமில்லாமல் ஒன்று இருக்கலாம் என்று அவரே ஒத்துக்கொண்ட பிறகு, அது உலகமாகவே இருக்கட்டுமே, ஒரு படி முன்னாலேயே நின்றுகொள்கிறேன் என்பதுதான் நம் பக்கம். இதில் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. நிற்கிற இடம்தான் வேறு.

இன்னும் ஒரு பதில் உண்டு, எனக்குப் பிடித்தது இதுதான். ஒன்றுமில்லாமைதான் இயல்பு நிலை, ஏதாவது இருந்தால்தான் விளக்கம் வேண்டும் என்று யார் சொன்னது? அடால்ஃப் க்ருன்பாம் என்ற தத்துவவாதி இதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சூன்யத்திலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்ற கிறிஸ்தவக் கொள்கையில் ஊறியதால்தான் ஐரோப்பாவுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றார்.

உங்கள் விஷயம் சிக்கலாவது இங்கேதான். பெண்ணின் அப்பா சித்தாந்தி. மற்ற சமயத்தாரை விடுங்கள், சித்தாந்திக்கு மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே அநாதி. உலகுக்கு முதற்காரணமான மாயையும் அநாதி. வேதாந்தி சொல்கிற பொய்த்தோற்றம் இல்லை இது, உள்பொருள். குயவன், சக்கரம், மண் என்று வகுப்பில் மூன்று காரணம் சொல்வார்களே, அதில் மண்தான் மாயை. மண்ணை யாரும் படைக்கவில்லை, சிவனும் படைக்கவில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. அப்படிப்பட்டவர் ‘ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே’ என்று கேட்டது அவருடைய கேள்வியே இல்லை. அவரும் காணொளி பார்க்கிறவர் போலிருக்கிறது.

இதை மரியாதையாக எடுத்துச் சொன்னால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பொருள் அநாதி என்பதில் அவருக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: சடப்பொருள் தானே இயங்குமா, இயக்க ஒருவன் வேண்டுமா? வேண்டும் என்பார். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்க யாரும் தள்ள வேண்டியதில்லை, நிறுத்தத்தான் விசை வேண்டும் என்பது கலிலியோ, நியூட்டன் காலத்திலிருந்து தெரிந்தது. பரந்து கிடக்கும் வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, சூடேறி நட்சத்திரமாகிறது. இதைச் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். சித்தாந்த நூல்கள் எழுதிய ஆசிரியர்களில் மெய்கண்டார் பிறந்தது பெண்ணாடம் என்பார்கள், அருணந்தி சிவாச்சாரியார் திருத்துறையூர், உமாபதி சிவம் சிதம்பரம். எல்லாம் நம் மாவட்டத்துச் சரக்கு. அருணந்தி எழுதிய சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதி பரபக்கம். அதில் முதல் ஆளாக நிறுத்தி மறுக்கப்படுகிறவன் கண்ணால் காண்கிற உலகமே எல்லாம் என்கிற உலகாயதன், அதாவது நீங்கள். எழுநூறு வருஷத்துக்கு மேலாக உங்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது.

படைத்தவன் இல்லாத உலகம் வெளிநாட்டுச் சரக்கு என்று உங்கள் பக்கத்துச் சித்தப்பா யாராவது இடையில் புகுந்தால் உங்கள் ஊரையே காட்டுங்கள். கி.பி. 458இல் பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் உலகங்களின் அமைப்பைப் பற்றி லோகவிபாகம் எழுதினார். அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் எழுதிய பிராகிருத மூலம் கிடைக்கவில்லை, பிற்காலச் சமஸ்கிருத வடிவம் இருக்கிறது. பூஜ்யத்தை வைத்து இடமதிப்பு முறையில் எண் சொல்லும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. சமணர்களுக்கு உலகம் யாராலும் படைக்கப்பட்டதில்லை, என்றும் உள்ளது. உலகைக் கடவுள் படைத்தார் என்றால் அதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஜினசேனர் என்ற சமண ஆசிரியர் கேட்டுவிட்டார். அப்பர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்ததும் உங்கள் ஊர்ச் சமணப் பள்ளியில்தான் என்பது பெரியபுராணம் படித்தவருக்குத் தெரியும்.

ஞாயிறு அன்று இப்படிச் சொன்னால் போதும்: “ஐயா, அன்னிக்குப் பெருவெடிப்புன்னு சொன்னது உங்க கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிஞ்ச மாதிரி தெரியலை. நீங்க பதி அநாதிங்கறீங்க, நான் பொருளோட நின்னுக்கறேன். மாயை அநாதின்னு நீங்களும் சொல்றீங்களே.” கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஆசிரியராக இருந்தவர், படித்துவிட்டு வந்து பேசுகிற பையனை அவருக்குப் பிடிக்காமல் போகாது. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், முழித்ததைவிட அது மேல். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தட்டு மாற்றுகிற தேதி பேசி முடிக்கட்டும்.

திருநீறு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதைப் பெண்ணிடம் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே.